கைவிட்டுப் போய்த் திரும்பி வந்த தோட்டம்

பாட்டன் தேடிய சொத்தைப் பேரன் அழிப்பான் என்பது நம் கிராமங்களில் சாதாரணமாய்க் கேட்கும் பேச்சு. ஒரு குடும்பத்தில் நிலம் மூன்று தலைமுறை தாண்டி நின்றுவிட்டால், அதை அக்கம் பக்கத்தார் அதிசயமாகப் பேசுவார்கள். ஐந்து தலைமுறை நின்றால் அது தெய்வானுகூலம் என்பார்கள். அப்படியிருக்க, 1141-ஆம் ஆண்டில் ஒரு குடும்பத்தின் கைக்கு வந்த மலைச்சரிவு, எண்ணூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது என்றால் நேயர்கள் நம்புவார்களா? நம்பத்தான் வேண்டும். அந்த மலைச்சரிவு இத்தாலி தேசத்தில், தஸ்கனி என்னும் மாகாணத்தில், பிரோலியோ என்ற இடத்தில் இருக்கிறது. குடும்பத்தின் பெயர் ரிகாஸோலி. அங்கே விளைவது திராட்சை. செய்வது திராட்சை மது, அதாவது ஒயின்.

மது என்றதும் முகம் சுளிக்கும் நேயர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. கள்ளுக்கடை மறியலில் பெண்டிரும் முன்னின்ற தேசம் இது. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, எத்தனையோ குடிசைகளில் விளக்கேறியதை நாம் மறக்கவில்லை. ஆகவே மதுவுக்குப் பரிந்து பேச நாம் முன்வரவில்லை. நாம் சொல்லப்போவது நிலத்தின் கதை. ஒரு குடும்பம் அதை எப்படிப் பெற்றது, எப்படி ஏறக்குறைய இழந்தது, பிறகு எப்படி மீட்டது என்ற கதை. பிதுரார்ஜிதம் என்பது என்ன என்று யோசிக்கும் எவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

எல்லையில் நின்ற கோட்டை

சியனா நகருக்கு வடகிழக்கே, கியாந்தி மலைகளுக்கு நடுவே, பிரோலியோ கோட்டை நிற்கிறது. பழைய நாளில் ஃபிளாரென்ஸ் ஒரு தனிக் குடியரசு. சியனா மற்றொரு தனிக் குடியரசு. இரண்டும் ஓயாமல் போரிட்டு வந்தன. இரண்டுக்கும் எல்லையாக இருந்தவை இந்த மலைகள். ரிகாஸோலிகள் ஃபிளாரென்ஸின் பக்கம் நின்றார்கள். எல்லையில் நிற்பவன் மீதுதான் முதல் அடி விழும் என்பது எந்தத் தேசத்துக்கும் பொது விதி. 1478-ல் அரகான் படைகள் கோட்டையைத் தாக்கின. 1529-ல் சியனாக்காரர்கள் அதை அழித்தார்கள். ஒவ்வொரு முறையும் குடும்பத்தார் கோட்டையைத் திரும்பக் கட்டினார்கள். கொடிகளைத் திரும்ப நட்டார்கள்.

இன்று அங்கே தோன்றும் சிவப்புச் செங்கல் மாளிகை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. அதைக் கட்டுவித்தவர்தான் நம் கதையின் முதல் நாயகர்.

கடனோடு வந்த சொத்து

பெத்தினோ ரிகாஸோலி 1809-ல் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். அவருக்கு வந்து சேர்ந்தவை புராதனமான பெயர் ஒன்று, பெரிய நிலம் ஒன்று, அந்த நிலத்தைவிடப் பெரிதாகத் தோன்றிய கடன் ஒன்று. அவருக்குப் பதினெட்டு வயதானபோது, தஸ்கனியை ஆண்ட பெருங்கோமகன் விசேஷ உத்தரவு ஒன்றின் மூலம் அவரை வயது வந்தவராக அங்கீகரித்து, இரண்டு தம்பிமாருக்கும் அவரையே காப்பாளராக்கினார். மற்ற பிரபு வீட்டுப் பிள்ளைகள் நடனத்திலும் சீட்டாட்டத்திலும் பொழுது போக்கிய வயதில், இந்த இளைஞர் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

ஃபிளாரென்ஸ் நகரத்தில் இருந்துகொண்டு காரியஸ்தரை நம்பி நிலத்தை நடத்துவது அக்காலப் பிரபுக்களின் வழக்கம். தஞ்சாவூர் மிராசுதார்களைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்த வழக்கத்தை நாம் விவரிக்க வேண்டியதில்லை. பெத்தினோ அதற்கு மாறாக, குடும்பத்தோடு கோட்டைக்கே குடிபோனார். தாமே வயலில் இறங்கி மேற்பார்வை செய்தார். பிரான்சு தேசம் சென்று, அங்கே ஒயின் செய்யும் முறைகளைக் கண்டு வந்தார். எந்தத் திராட்சை எந்தச் சரிவில் எப்படி விளைகிறது, எதனோடு எதைக் கலந்தால் என்ன ஆகிறது என்று ஆண்டுக்கணக்காகப் பரீட்சித்துப் பார்த்தார்.

1843-ல் தம் பண்ணைக்கென்று ஒரு சட்டப் புத்தகமே எழுதினார். அதில் கொடி நறுக்குவது முதல் குடியானவன் ஒழுக்கம் வரை யாவும் அடங்கும். கண்டிப்பு மிகுந்த மனிதர். பின்னாளில் மக்கள் அவருக்கு ‘இரும்புப் பிரபு’ என்று பெயரிட்டார்கள்.

நாட்டை ஒன்றாக்கிய விவசாயி

மாஜினி, கரிபால்டி என்ற பெயர்கள் நம் தேச பக்தர்களின் நாவில் இடைவிடாமல் புழங்கிய காலம் ஒன்று இருந்தது. பாரதியாரும் மாஜினியைப் பற்றிப் பாடியிருக்கிறார். துண்டு துண்டாகக் கிடந்த இத்தாலியை ஒரே தேசமாக்கிய அந்தப் பெரு முயற்சியில் பெத்தினோ ரிகாஸோலிக்கும் பங்கு உண்டு. அவர் மாஜினியைப் போலக் குடியரசுவாதி அல்லர். அரசரின் கீழ் ஒன்றுபட்ட இத்தாலி வேண்டும் என்று கருதியவர்.

1859 ஏப்ரலில் பெருங்கோமகன் ஃபிளாரென்ஸை விட்டு வெளியேறினார். அதன்பின் அமைந்த தஸ்கனி அரசாங்கத்தின் தலைமை ரிகாஸோலியிடம் வந்தது. தஸ்கனி தனி ராஜ்யமாகவே இருக்கட்டும் என்று வெளி வல்லரசுகள் வற்புறுத்தின. பிரபு அசையவில்லை. 1860 மார்ச்சில் மக்களிடம் வாக்கெடுக்கப்பட்டது. இணைப்புக்கு ஆதரவாக 3,66,000-க்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். தனி ராஜ்யம் வேண்டும் என்றவர்கள் 15,000 பேர்கூட இல்லை.

1861 ஜூனில் முதல் பிரதம மந்திரி கவூர் காலமானார். அவருடைய ஸ்தானத்தில் அமர்ந்தவர் பிரோலியோவின் திராட்சைத் தோட்டக்காரர்தான். 1862 வரையில் ஒரு தடவையும், 1866 முதல் 1867 வரையில் மறு தடவையும் அவர் பிரதம மந்திரியாயிருந்தார். வெனிஸ் நகரம் இத்தாலியோடு சேர்ந்தது இந்த இரண்டாவது தடவையில்தான். பதவி முடிந்ததும் அவர் தலைநகரில் சுற்றிக் கொண்டிருக்கவில்லை; தோட்டத்துக்குத் திரும்பினார்.

ஒரு கடிதம்

1872-ல் அவர் பீஸா சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் செஸாரே ஸ்தூதியாத்திக்கு ஒரு கடிதம் எழுதினார். முப்பது ஆண்டுப் பரீட்சைகளின் சாரம் அதில் அடங்கியிருந்தது. ஒயின் உலகத்தில் அந்தக் கடிதம் இன்றும் பிரசித்தம்.

மூன்று திராட்சைகளைப் பற்றி அவர் எழுதினார். ஸாஞ்சியோவேஸே என்னும் கறுப்புத் திராட்சை ஒயினுக்கு மணமும் வீரியமும் தருகிறது, அதுவே ஆதாரம். கானயோலோ என்பது அந்த வீரியத்தின் கடுமையைத் தணித்து இனிமை சேர்க்கிறது. மால்வாஸியா என்னும் வெள்ளைத் திராட்சை ஒயினை இலேசாக்கி, அன்றாடச் சாப்பாட்டோடு பருகுவதற்கு ஏற்றதாக்குகிறது. இத்துடன் அவர் நிறுத்தவில்லை. பல ஆண்டுகள் சேமித்து வைக்கக் கருதும் ஒயினுக்கு இந்த மூன்றாவது திராட்சையைத் தவிர்த்துவிடலாம் என்றும் சேர்த்து எழுதினார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். பின்னால் வந்த தொல்லை எல்லாம் அதை மறந்ததால் வந்தது.

1880-ல் பெத்தினோ தம் கோட்டையிலேயே கண் மூடினார். அவருக்கு ஆண் சந்ததி இல்லை, ஒரே மகள். ரிகாஸோலி வம்சத்தின் மற்றொரு கிளையில் அவளை மணம் செய்து கொடுத்திருந்தார். ஆகவே மகள் வழிப் பேரர்களிடம் நிலம் சென்றது; பெயரும் மாறாமல் நின்றது.

பாதி மறந்த பாடம்

மூதாதை ஒருவர் நல்ல மருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். இன்ன நோய்க்குக் கொடு, இன்ன நோய்க்குக் கொடாதே என்று ஏட்டில் எழுதி வைக்கிறார். பின்னால் வந்தவர்கள் ஏட்டின் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, எல்லா நோய்க்கும் அதையே கொடுத்தால் என்ன ஆகும்? கியாந்தி ஒயினுக்கு அதுதான் நேர்ந்தது.

வெள்ளைத் திராட்சை மிகுதியாகக் காய்க்கும். அதிலும் மால்வாஸியாவின் இடத்தில் திரெப்பியானோ என்ற இனத்தை நட்டால், விளைச்சல் இன்னும் ஏராளம். ஆனால் ருசியும் மணமும் சொற்பம். வைக்கோல் உறை போட்ட குண்டுக் குடுவைகளில் கியாந்தி ஒயின் உலகெங்கும் மலிவாய் விற்றது. குடுவையின் அழகைப் பார்த்து வாங்கி, உள்ளிருந்ததைத் தீர்த்துவிட்டு, குடுவையில் மெழுகுவர்த்தி செருகி வைத்தவர்கள் அநேகர்.

1967-ல் இத்தாலிய அரசாங்கம் கியாந்திக்கு விதிகள் வகுத்தது. நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பங்கு வரை வெள்ளைத் திராட்சை கலந்தே தீரவேண்டும் என்று அந்த விதிகள் சொல்லின. பெத்தினோ “தவிர்க்கலாம்” என்ற பொருளை, சட்டம் “தவிர்க்கக் கூடாது” என்று கட்டாயமாக்கிற்று! கறுப்புத் திராட்சையை மட்டும் கொண்டு செய்தவன் தன் ஒயினைக் கியாந்தி என்று சொல்லி விற்க முடியாது.

இதை எதிர்த்தவர்களும் இல்லாமற் போகவில்லை. ஃபிளாரென்ஸில் 1385-ஆம் ஆண்டிலிருந்து ஒயின் தொழிலில் இருக்கும் அந்தினோரி குடும்பத்தார், 1971-ல் விளைந்த தங்கள் ஒயினுக்குக் கியாந்தி என்ற பெயரே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். ‘தின்யானெல்லோ’ என்று தங்கள் தோட்டத்தின் பெயரையிட்டு, சாதாரணச் சாப்பாட்டு ஒயின் என்ற தாழ்ந்த வகுப்பிலேயே அதை விற்றார்கள். தாழ்ந்த வகுப்பில் இருந்த அந்த ஒயின், உயர்ந்த வகுப்பில் இருந்தவற்றைவிட அதிக விலை பெற்றது. சட்டம் மெள்ள மெள்ள வழிக்கு வந்தது. 1984-ல் வெள்ளைத் திராட்சையின் பங்கை வெகுவாய்க் குறைத்தார்கள். 1996 முதல், கியாந்திப் பிரதேசத்தின் பழைய நடுப்பகுதியில், ஸாஞ்சியோவேஸே மட்டுமே கொண்டும் செய்யலாம் என்றார்கள். 2006-ல் அங்கே வெள்ளைத் திராட்சையைச் சேர்க்கவே கூடாது என்றார்கள். பெத்தினோவின் கடிதத்தின் கடைசி வாக்கியத்தை எட்டிப் பிடிக்க 134 ஆண்டுகள் பிடித்தன.

பாதி வாரம்

இத்தனை நேரம் பிரபுக்களைப் பற்றியே பேசினோம். கொடியை நட்டவர் யார், நறுக்கியவர் யார், பழத்தைப் பறித்துச் சுமந்தவர் யார் என்று கேட்க வேண்டாமா?

தஸ்கனியில் நூற்றாண்டுக் கணக்காக நடந்து வந்தது பாதி வார முறை. நிலமும் வீடும் பிரபுவினுடையவை. உழைப்பு குடியானவன் குடும்பத்தினுடையது. விளைந்ததில் ஆளுக்குப் பாதி. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் விளைச்சல் பொய்த்த ஆண்டில் பிரபு கோட்டையில் இருந்தார். குடியானவன் கடனில் இருந்தான். குடும்பத்தில் இன்னார் கல்யாணம் செய்துகொள்ளலாமா, வேறிடத்தில் வேலைக்குப் போகலாமா என்பதற்குக்கூடப் பல இடங்களில் நிலச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டியிருந்தது. கோட்டைச் சுவர்களின் உறுதியைப் பற்றி எழுதும்போது, அந்தச் சுவர்களுக்கு வெளியே இருந்தவர்களையும் எழுதாவிட்டால் அது முழுக் கதை ஆகாது.

1944-ஆம் ஆண்டுக் கோடையில் இரண்டாம் உலக யுத்தத்தின் போர்முனை கியாந்தி மலைகளைக் கடந்து சென்றது. குண்டுகள் பட்ட வடுக்களைப் பிரோலியோவின் சுவர்களில் காணலாம். ஆனால் குண்டுகளால் ஆகாததை, யுத்தத்துக்குப் பின் வந்த ஆலைகள் செய்தன. நகரத்துத் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் கிடைத்தது. மகனுக்கும் தகப்பனுக்கும் தனித்தனியே கூலி. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1950-களிலும் 1960-களிலும் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக மலையை விட்டு இறங்கினார்கள். 1964-ல் புதிய பாதி வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. கல் வீடுகள் ஆளில்லாமல் நின்றன. கொடிகள் நறுக்குவாரின்றிக் காடாயின.

இதில் குடியானவர்களை யாரும் குறை கூற முடியாது. பல தலைமுறை உழைத்தும் ஒரு சாண் நிலம் தங்களுக்கென்று இல்லாதவர்கள், வேறு வழி கிடைத்ததும் போனார்கள். பிரபுக்களுக்குத்தான் அப்போது உண்மை விளங்கிற்று. நிலத்தைத் தாங்கி நின்றவை பட்டாவும் பரம்பரையும் மட்டுமல்ல. பெயர் தெரியாத ஆயிரம் கைகள்.

பெயர் போயிற்று, நிலம் நின்றது

கூலி கொடுத்து வேலை வாங்க வேண்டும்; யந்திரங்கள் வாங்க வேண்டும்; புதுக் கொடி நட வேண்டும். எல்லாவற்றுக்கும் மூலதனம் வேண்டும். பழைய குடும்பங்கள் பல இந்த நெருக்கடியில் தத்தளித்தன. ரிகாஸோலி குடும்பமும் தப்பவில்லை. 1970-களில் அவர்களுடைய ஒயின் ஆலையும், அதைவிட அருமையான அவர்களுடைய பெயரும், சீக்ரம் என்னும் கடல் கடந்த பெரிய மதுக் கம்பெனியின் வசத்தில் இருந்தன. பின்பு அவை ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறின.

நிலமும் கோட்டையும் மட்டும் குடும்பத்திடம் நின்றன. பழம் அவர்களுடைய தோட்டத்தில் விளைந்தது. ஒயினை வேறொருவர் செய்தார். புட்டியின்மேல் இவர்களுடைய பெயரை ஒட்டினார். தங்கள் பெயரைத் தாங்கிய சரக்கின் தரம் தாழ்வதைக் குடும்பத்தார் மேலிருந்து பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தன் வீட்டுப் பெண்ணை அயல் வீட்டு வாசலில் கந்தலோடு காண்பதைப் போன்றது அது. கோட்டையைத் தீயிட்ட சியனாக்காரர்களாவது பெயரை விட்டுவிட்டுப் போனார்கள்!

1993-ல் முப்பத்திரண்டாவது பிரோலியோ பிரபுவான பிரான்செஸ்கோ ரிகாஸோலி, கம்பெனியை மீட்டுக் குடும்பத்தின் வசமாக்கினார். அவர் அதுவரையில் ஒயின் செய்தவர் அல்லர், புகைப்படக் கலைஞர். மூதாதையின் புகழ் அவருக்கு உதவியிருக்கலாம். ஆனால் நோஞ்சானாய்ப் போன கொடிகளைப் புகழ் குணப்படுத்தாது. அவர் பழைய கொடிகளைப் பிடுங்கி எறிந்து புதியவை நடுவித்தார். தோட்டத்தின் மண் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ச்சி செய்வித்தார். பிரோலியோவிலேயே வெகு காலமாய் வளர்ந்துவந்த ஸாஞ்சியோவேஸே கொடிகளில் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். விளைச்சலின் அளவைக் குறைத்துத் தரத்தை உயர்த்தினார். 1997-ல் விளைந்த பழங்களைக் கொண்டு, கோட்டையின் பெயரிலேயே ஒரு சிறந்த ஒயினைச் செய்து வெளியிட்டார். போன மதிப்புத் திரும்பி வந்தது.

பிரோலியோ பண்ணையின் பரப்பு சுமார் 3,000 ஏக்கர். அதில் ஏறக்குறைய 600 ஏக்கரில்தான் திராட்சைக் கொடி, ஒரு பகுதி ஒலிவத் தோப்பு, பெரும்பகுதி காடு. கொடி காய்ப்பதற்கு மூன்று ஆண்டு பிடிக்கும். மிகச் சிறந்த ஒயினுக்கு இருபது, இருபத்தைந்து வயதுக் கொடிகளையே பலரும் விரும்புகிறார்கள். முப்பது வயதில் கொடி நட்டவன், அதன் முழுப் பலனைக் காணும்போது தலை நரைத்திருப்பான். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம்மவர் சொல்கிறார்களல்லவா? திராட்சை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இந்தக் கதையில் நிலம் ஒரு நாளும் குடும்பத்தின் பெயரிலிருந்து மாறவில்லை. பத்திரங்களைப் பார்த்தால் 1141 முதல் ஒரே தொடர்ச்சிதான். ஆயினும் பெத்தினோவுக்கு அது கடனாக வந்தது; உழைத்துத்தான் சொத்தாக்கினார். பிரான்செஸ்கோவுக்குப் பெயர் பறிபோன வெறும் நிலமாக வந்தது. அவரும் உழைத்துத்தான் மீட்டார். இடையில் இருந்தவர்கள் பெற்றதைப் பெற்றபடியே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியபோது அது கையிலிருந்து நழுவிற்று. பாட்டன் எழுதிய ஏடு பெட்டியில் இருந்தால் போதாது. கடைசி வரி வரையில் படிக்க வேண்டும். பாட்டன் வயலில் உழைத்தவர்களுக்கு நியாயம் செய்யாமல் அந்த வயலை நெடுங்காலம் ஆள முடியாது.

நம் நாட்டிலும் பரம்பரை நிலங்கள் உண்டு. பரம்பரைத் தறிகள் உண்டு. பரம்பரை வைத்தியமும் வாத்தியமும் உண்டு. அவற்றை மக்களுக்கு விட்டுச் செல்லப் பெற்றோர் படும் பாட்டை நாம் அறிவோம். விட்டுச் செல்வது பாதி வேலைதான். மீதிப் பாதியைப் பெறுகிறவர் செய்தாக வேண்டும். அதற்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க எந்தப் பாட்டனாலும் முடியாது.